மைன்கிராஃப்டில் கொடி பறிக்கும் களம்: அளவுகள் எங்கிருந்து வருகின்றன

பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டிகளால் உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் இரண்டு அணிகள் மோதும் களத்தை முதன்முதலாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மதில், கோபுரம், அகழி எல்லாம் அழகாக வந்திருக்கும். எட்டுப் பேர் இறங்கி ஆடினால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். கொடியைத் தொட்டவர் யார் கையிலும் சிக்காமல் வீடு போய்ச் சேர்வார். இல்லையென்றால் கொடிப் பக்கமே யாராலும் நெருங்க முடியாது. கட்டடத்தில் பிழை இல்லை. களத்தின் நீளத்தைப் பிளாக்கில் எண்ணியவர், அதைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று கணக்குப் போடவில்லை. அங்கேதான் பிழை.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஆட்டம், அணிக்கு நால்வர் வீதம் ஆடும் கொடி பறிப்பு. எதிரணியின் கொடியை எடுத்துவந்து தன் கொடி நிற்கும் இடத்தில் சேர்த்தால் ஒரு புள்ளி. மைன்கிராஃப்ட் ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகளாக இருக்கிறது. எண்கள் அனைத்தும் ஜாவா பதிப்புக்கு, அதிலும் 1.14க்குப் பிந்தைய வெளியீடுகளுக்கு உரியவை. பெட்ராக் பதிப்பில் அடிக்கு அடி இடைவெளி விடும் முறையே கிடையாது என்பதால் அங்கே சண்டையின் தாளமே வேறு.

ஓட்டக் கணக்கு

ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். நடந்தால் நொடிக்கு 4.317 பிளாக், ஓடினால் 5.612. ஓடியபடியே குதித்துக் குதித்துப் போனால் நொடிக்கு 7.1 பிளாக்கைத் தாண்டும். கொஞ்சம் பழகிய எந்த ஆட்டக்காரரும் வெறுமனே ஓடுவதில்லை, குதித்துக்கொண்டேதான் ஓடுவார். அதனால் களத்தின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டியது இந்த மூன்றாவது எண்.

கொடிகள் இரண்டும் 84 பிளாக் தள்ளி நிற்பதாகக் கொள்வோம். சிவப்பு அணிக்காரர் நீலக் கொடியை எடுக்கும் அதே கணத்தில் அதைக் காத்தவரை வீழ்த்திவிடுகிறார். விழுந்தவர் 5 நொடி காத்திருந்து, கொடிக்கு 4 பிளாக் பின்னால் மறுபடி எழுகிறார். கொடி வைத்திருப்பவரும் குதித்து ஓடலாம் என்று விட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்த 5 நொடியில் அவர் 35 பிளாக் போயிருப்பார். இருவரின் வேகமும் ஒன்று என்பதால் இடைவெளி ஒரு பிளாக்கூடக் குறையாது. துரத்துவது வீண் என்று இரண்டாவது ஆட்டத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன்பிறகு யாரும் துரத்த மாட்டார்கள். ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

கொடி வைத்திருப்பவரை ஓடவிடாமல் செய்தால் கணக்கு மாறுகிறது. பசிப் பட்டையில் மொத்தம் 20 புள்ளி. அது 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஓட்டம் வேலை செய்யாது, நடை மட்டும்தான். கொடி கைக்கு வந்ததும் பசியை 6க்கு இறக்கும்படி கட்டளை அமைத்துவிட்டால் அவர் நொடிக்கு 4.317 பிளாக்தான் போவார். 5 நொடியில் 21.6 பிளாக். எழுந்தவர் 4 பிளாக் பின்னால் இருப்பதால் இடைவெளி 25.6. வாள் 3 பிளாக் தூரம் எட்டும் என்பதால் அவர் குறைக்க வேண்டியது 22.6 மட்டும். நொடிக்கு 2.8 வீதம் குறைத்தால் 8 நொடியில் முதல் அடி விழும். அதாவது கொடி எடுத்து 13 நொடி ஆகியிருக்கும். கொடிக்காரர் 56 பிளாக் கடந்திருப்பார்.

இந்த 56 களத்தின் நீளத்தைச் சார்ந்தது அல்ல. காத்திருப்பு நேரமும் எழும் இடமும் மாறாதவரை எந்தக் களத்திலும் அதுவேதான். ஆகவே கொடிகளுக்கு இடையே 60 பிளாக் மட்டும் வைத்தால் துரத்துகிறவர் எட்டும்போது எதிரி வீட்டு வாசலில் நிற்பார். அங்கே மற்ற மூவரும் காத்திருப்பார்கள். 120 வைத்தால் பாதி வழியிலேயே மடக்கிவிடலாம். கொடி ஊர் போய்ச் சேருவது அபூர்வமாகிவிடும். 84இல் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுக்கோட்டைத் தாண்டி 14 பிளாக் உள்ளே மோதல் நடக்கிறது. இரு தரப்பும் உதவிக்கு வந்து சேரக்கூடிய இடம் அது. வழியில் வளைவுகள் வைத்தால் இருவருக்கும் ஒரே அளவு கூடும் என்பதால் கொடியிலிருந்து கொடிவரை உள்ள தூரத்தைப் பாதை வழியாகவே அளக்க வேண்டும், கயிறு கட்டி நேராக அல்ல. காத்திருப்பை 5 நொடியிலிருந்து 8க்கு மாற்றினால் இந்த மொத்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். சுவர் கட்டிய பிறகு காத்திருப்பு நேரத்தில் கை வைக்காதீர்கள்.

தரையிலிருந்து தொடங்குதல்

சூப்பர்ஃப்ளாட் உலக வகையில் 'தி வாய்ட்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் 33க்கு 33 கல் மேடை ஒன்றைத் தவிர எதுவும் இல்லாத வெளி கிடைக்கும். அந்த மேடையைப் பிறகு அழித்துவிடலாம். களத்தின் தரையை மேற்கு-கிழக்கான எக்ஸ் அச்சில் -48 முதல் 48 வரை, வடக்கு-தெற்கான இசட் அச்சில் -24 முதல் 24 வரை போடுவோம். நடுவே பூஜ்யமும் சேர்வதால் நீளம் 97, அகலம் 49, ஒரு அடுக்குக்கு 4,753 பிளாக். விளையாட்டின் சொந்த 'ஃபில்' கட்டளை ஒரு தடவைக்கு 32,768 பிளாக் மட்டுமே நிரப்பும். இந்தத் தரை ஆறு அடுக்குவரை ஒரே கட்டளையில் முடியும். ஏழாவது அடுக்கைச் சேர்த்தால் 33,271 ஆகி மறுத்துவிடும். 1.19.4இலிருந்து இந்த வரம்பை உயர்த்த ஒரு விளையாட்டு விதி இருக்கிறது. பெரிய பகுதிகளை ஒரேயடியாக நிரப்பவும் நகலெடுக்கவும் உதவும் வேர்ல்ட்எடிட் என்ற பிளகின் (துணைநிரல்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

முதல் கட்டுமானம் முழுவதும் வெள்ளைக் கான்கிரீட்டில் இருக்கட்டும். அலங்காரம், கூரை, கொடி மரம் எதுவும் வேண்டாம். ஆடிப் பார்த்துப் பாதி சுவரை இடித்து நகர்த்தப்போகிறீர்கள். பார்த்துப் பார்த்து இழைத்த கோபுரத்தை இடிக்க யாருக்கும் மனம் வராது. அது தவறான இடத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

பாதியை மட்டும் கட்டி மறுபாதியைச் சுழற்றி ஒட்டுவதுதான் வழக்கம். கண்ணாடி பிம்பமா, 180 டிகிரி சுழற்சியா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பிம்பம் என்றால் என் இடக்கைப் பாதையும் உங்கள் வலக்கைப் பாதையும் ஒரே ஓரத்தில், ஒரே வடிவத்தில் எதிரெதிரே முட்டும். மறைவான சுரங்கம் அந்த ஓரத்தில் இருந்தால் இருவரின் சுரங்கமும் ஒன்றையொன்று பார்க்கும், நடுவில் தேக்கம்தான். சுழற்சி என்றால் என் சுரங்கத்துக்கு எதிரே உங்கள் திறந்தவெளி வரும். ஒவ்வொரு ஓரத்திலும் ஒருவருக்கு வலு, மற்றவருக்குக் குறை. கொடி பறிப்புக்குச் சுழற்சியே நல்லது.

வேர்ல்ட்எடிட்டில் 'காப்பி' செய்யும்போது நீங்கள் நிற்கும் பிளாக்தான் அச்சாணி. சிவப்புப் பாதியை, அதாவது எக்ஸ் -48 முதல் -1 வரை, தேர்ந்தெடுங்கள். எக்ஸ் 0, இசட் 0 பிளாக்கின் மேல் போய் நின்று காப்பி, 180 சுழற்சி, அதே இடத்தில் 'பேஸ்ட்'. நீலப் பாதி 1 முதல் 48 வரை கச்சிதமாக விழும். நடுவே எக்ஸ் 0 வரிசையைக் கையால் கட்ட வேண்டும். இசட் 5இல் வைத்ததை -5இலும் வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒற்றைப்படை அகலம் என்பதால் நடக்கிறது. நடுப்பாலத்தை 4 பிளாக் அகலமாக வைக்க ஆசைப்பட்டால் அச்சு ஒரு பிளாக்கின் நடுவிலிருந்து இரண்டு பிளாக்குகளின் இடைக்கோட்டுக்கு நகர்ந்துவிடும். 0க்கு எதிர் -1, 5க்கு எதிர் -6. ஒரு பகுதி ஒற்றைப்படையிலும் இன்னொரு பகுதி இரட்டைப்படையிலும் கலந்துவிட்டால் ஒரு பக்கச் சுவர் ஒரு பிளாக் தள்ளிப்போகும். அந்த ஒரு பிளாக் இடுக்கில் அம்பு நுழைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, தோற்கும் அணிக்குத் தெரியும்.

ஒட்டும்போது காற்றைத் தவிர்க்கும் '-ஏ' குறி பலருக்குக் கைப்பழக்கம். முதல் தடவை அதனால் கெடுதல் இல்லை. சிவப்புப் பக்கத்தில் ஒரு தூணை எடுத்துவிட்டு மறுபடி அதே குறியோடு ஒட்டினால் நீலப் பக்கத்தில் பழைய தூண் அப்படியே நிற்கும், ஏனென்றால் அங்கே ஒட்ட வேண்டியது காற்று. திருத்தம் செய்த ஒவ்வொரு முறையும் குறி இல்லாமலே ஒட்டுங்கள். உள்ளே எழுதிய கட்டளையை இயக்கும் கட்டளை பிளாக்குகள் வைத்திருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளாக் சுழலும், அதற்குள் எழுதிய ஆயத்தொலைவுகள் சுழலாது. நீலக் கோட்டையில் ஒட்டப்பட்ட கட்டளை பிளாக் சிவப்புக் கொடியைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

கால் பிளாக், அரை பிளாக்

ஆட்டக்காரரின் குதிப்பு 1.25 பிளாக் உயரம். ஒரு பிளாக்கில் ஏறலாம். வேலியும் மதில் பிளாக்கும் பார்வைக்கு ஒரு பிளாக்தான் என்றாலும் மோதல் உயரம், அதாவது ஆளைத் தடுக்கும் உயரம், 1.5 என்பதால் அவற்றைத் தாண்ட முடியாது. ஆனால் வேலிக்குப் பக்கத்தில் அழகுக்காக ஓர் அரைப் பலகை (அரை பிளாக் உயரக் கட்டி) வைத்துவிட்டால் அதன் மேலிருந்து 1.75 உயரம் எட்டும். வேலி திறந்த கதவு ஆகிவிடும். வேலியின் மேல் கம்பளம் விரித்தாலும் இதே கதைதான். களம் முடிந்ததும் எல்லையோரமாகச் சுற்றிவந்து ஒவ்வொரு அரைப் பலகையிலிருந்தும் குதித்துப் பார்ப்பது அவசியம்.

மறைப்புச் சுவருக்கு 1.5 பிளாக் பொருத்தமான உயரம், அதாவது ஒரு பிளாக்கும் மேலே ஓர் அரைப் பலகையும். நின்றால் கண் 1.62இல் இருக்கும், தலை 1.8 வரை தெரியும். பதுங்கினால் உடலே 1.5 ஆகிச் சுவருக்குள் அடங்கும். ஒரு பிளாக் சுவர் பதுங்கியவரைக்கூட முழுதாக மறைக்காது. இரண்டு பிளாக் சுவருக்குப் பின்னாலிருந்து எய்ய முடியாது. 1.5இலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அம்பு கண்ணிலிருந்து கிளம்புவதில்லை, அதற்கு 0.1 கீழே, 1.52இல் கிளம்புகிறது. சுவரை ஒட்டி நின்று கீழ்நோக்கிக் குறிவைத்தால் எதிரி கண்ணுக்குத் தெரிவார், அம்போ சுவரின் விளிம்பிலேயே குத்தி நிற்கும். சம தளத்தில் இது பொருட்டில்லை. மேட்டில் இந்தச் சுவரை வைத்தால் கீழே எய்யவே முடியாமல் போகும். அங்கே ஒரு பிளாக் சுவர் போதும்.

கூரையின் உயரமும் வேகத்தைத் தொடுகிறது. ஆள் 1.8, குதிப்பு 1.25, கூட்டினால் 3.05. எனவே மூன்று பிளாக் உயரக் கூடத்தில் குதித்தால் தலை இலேசாக இடிக்கும், நான்கு வைத்தால் இடிக்காது. இரண்டு பிளாக் உயரச் சுரங்கத்தில் தலை உடனே இடித்துக் கால் உடனே தரையைத் தொடுவதால் அடுத்தடுத்துக் குதிக்கலாம். வெளியில் ஓடுவதைவிட வேகம் அதிகம். மறைவாகவும் இருக்க வேண்டும், சுற்றுவழியாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு பிளாக் உயரத்தில் தோண்டிய பாதை உண்மையில் களத்தின் அதிவேக நெடுஞ்சாலை ஆகிவிடும். சுற்றுவழி மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அதை நான்கு பிளாக் உயரமாக்குங்கள்.

விழுந்தால் முதல் 3 பிளாக்குக்குச் சேதம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பிளாக்குக்கும் அரை இதயம். 23 பிளாக் விழுந்தால் முழு உயிரும் போகும். ஏற முடிவது ஒன்று, வலியில்லாமல் இறங்க முடிவது மூன்று. இந்த இடைவெளிதான் ஒருவழிப் பாதை அமைக்கும் கருவி. மறுபடி எழும் மேடையைக் கொடித் தரையைவிட 3 பிளாக் உயரத்தில் வைத்தால் சொந்த ஆட்கள் சேதமின்றி இறங்குவார்கள், எதிரி மேலே வர முடியாது. முன்னே போட்ட கணக்கில் எழும் இடம் கொடிக்கு 4 பிளாக் பின்னால்தான். இந்த உயரம் இல்லாவிட்டால் எழுந்தவுடன் வெட்டு விழும். மேடையின் கொடிப் பக்கத்தை முழுச் சுவரால் மூடி, இடமும் வலமும் இரண்டு வாய் மட்டும் விடுங்கள். மூடாவிட்டால் காவல்காரர் எவரும் கீழே இறங்க மாட்டார், மேலேயே உட்கார்ந்து அம்பு விடுவார். ஒரே வாய் விட்டால் எதிரி அதன் கீழே வந்து நிற்பார்.

பார்வையும் நிறமும்

முழுதாக இழுத்த வில்லின் அம்பு நொடிக்கு 60 பிளாக் வேகத்தில் கிளம்பும். 40 பிளாக் போக 0.7 நொடி ஆகும், அதற்குள் ஓடுகிறவர் 4 பிளாக் நகர்ந்துவிடுவார். 40க்கு மேற்பட்ட நேர்ப்பார்வையில் குறிபார்ப்பது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். ஆனாலும் எய்வார்கள், ஓயாமல் எய்வார்கள். 84 பிளாக் நீளத்துக்குத் தடையின்றித் தெரியும் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நடுவே ஒரு மேடு, இரண்டு ஓரங்களிலும் குறுக்குச் சுவர் என்று எந்தக் கோட்டையும் 30, 35 பிளாக்கில் முறித்துவிடுங்கள். சர்வர் காரணமும் உண்டு. ஸ்பிகாட் என்ற சர்வர் மென்பொருளின் பல வெளியீடுகளில் மற்ற ஆட்டக்காரர் திரையில் தெரிவதற்கான இயல்பு எல்லை 48 பிளாக். அதற்கு அப்பால் ஆள் நிற்பார், திரையில் இருக்க மாட்டார். அமைப்புக் கோப்பில் கூட்டலாம் என்றாலும் உங்கள் களம் எந்தச் சர்வரில் ஓடப்போகிறது என்று சொல்ல முடியாது.

நிறத்துக்குக் கான்கிரீட்டே சரி. 1.12இல், 2017இல் வந்தது; 16 நிறம், கோலமோ புள்ளியோ இல்லாத சமப்பரப்பு. மெருகேற்றிய டெரகோட்டாவின் கோலங்களுக்கு முன் ஆள் நின்றால் கண்ணுக்குப் பிடிபடாது. சிவப்பும் பச்சையும் அணி நிறங்களாக வேண்டாம், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் கணிசம். நீலமும் ஆரஞ்சும் யாருக்கும் குழப்பாது.

நான்கு அணிக் களத்தை 90 டிகிரி சுழற்றிக் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைன்கிராஃப்ட் ஒவ்வொரு பிளாக்கின் வடக்கு, தெற்கு முகங்களை 80 சதவீத ஒளியிலும் கிழக்கு, மேற்கு முகங்களை 60 சதவீத ஒளியிலும் வரைகிறது. ஒரே சாம்பல் சுவர் ஓர் அணிக்கு வெளிறியும் அடுத்த அணிக்குக் கறுத்தும் தெரியும். கருநிறச் சுவர்களில் இந்த வித்தியாசம் ஆளையே மறைத்துவிடும். வெளிர் நிறங்களில் பாதகமில்லை.

சர்வரில் ஏற்றும்போது

கட்டியவருக்கு எல்லாம் வேலை செய்யும், மற்றவர்களுக்குப் பெட்டி திறக்காது, பொத்தான் அமுங்காது. இது மிகச் சாதாரணமாக வரும் புகார். காரணம் சர்வரின் தொடக்க இடப் பாதுகாப்பு. இயல்பு மதிப்பு ஒவ்வொரு பக்கமும் 16 பிளாக். உலகின் தொடக்கப் புள்ளியைச் சுற்றி 33க்கு 33 பரப்பில் நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் எதையும் தொட முடியாது. களத்தின் நடுவே தொடக்கப் புள்ளி இருந்தால் நடுக்களம் முழுக்க முடங்கும். அமைப்புக் கோப்பில் 0 என்று மாற்றுங்கள். நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணக்கில் நுழைந்து பார்க்காமல் களம் தயார் என்று சொல்லாதீர்கள்.

ஜாம்பி வரக் கூடாது என்று கடின நிலையை 'பீஸ்ஃபுல்' ஆக்குவது அடுத்த தவறு. அந்த நிலையில் பசி இறங்காது, உயிர் நொடிக்கு நொடி தானாக ஏறும். சண்டை முடியவே முடியாது. கொடிக்காரரைப் பசியால் நடக்கவைத்த ஏற்பாடும் குலைந்துபோகும். உயிரினங்கள் தோன்றுவதை நிறுத்தத் தனி விதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

களத்தின் ஓரம் பாதாளம் என்றால் உயரத்தையும் கவனிக்க வேண்டும். 1.18க்குப் பிறகு உலகின் அடித்தளம், உயரத்தைக் குறிக்கும் ஒய் அச்சில், -64. அதற்கும் 64 பிளாக் கீழே, -128இல்தான் பாதாளச் சேதம் தொடங்கும். தரை ஒய் 64இல் இருந்தால் விழுந்தவர் 192 பிளாக் கீழே போக நாலரை நொடி, உயிர் முழுதும் கரைய இன்னும் 2 நொடி. 5 நொடிக் காத்திருப்பு அவருக்கு மட்டும் பதினொன்றரை ஆகிறது. தரைக்கு 10 பிளாக் கீழே போனவரை உடனே வீழ்த்தும் கட்டளை ஒன்று போதும்.

கடைசியாக எழும் இடங்களின் எண்கள். பிளகினின் அமைப்பில் சிவப்புக்கு எக்ஸ் -46.5, நீலத்துக்கு 46.5 என்று எழுதத் தோன்றும், பார்க்கச் சமமாக இருக்கிறது. 46ஆம் பிளாக்கின் மையம் 46.5தான். ஆனால் -46ஆம் பிளாக் -46இல் தொடங்கி -45இல் முடிகிறது, அதன் மையம் -45.5. -46.5 என்றால் ஆள் -47ஆம் பிளாக்கில் எழுவார். அங்கே பின்சுவர் இருந்தால் சுவருக்குள் மாட்டி மூச்சுத் திணறுவார், இல்லாவிட்டால் ஒரு பிளாக் பின்தங்குவார். முகம் பார்க்கும் திசையையும் தனித்தனியே எழுத வேண்டும். மேற்குக் கோடியில் இருக்கும் சிவப்புக்குக் கிழக்கு, -90. நீலத்துக்கு மேற்கு, 90. இரண்டுக்கும் ஒரே எண்ணை விட்டுவிட்டால் ஓர் அணி ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்து எழுந்து, திரும்பி, பிறகு ஓடும்.